கில்மோரின் அடுத்த ஆல்பமும் ஒரு துண்டுச் சீட்டும்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி, சுருக்கமாக இது: “பிங்க் ஃப்ளாய்டு என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மோர் ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு 2024-இல் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ ஆல்பத்தைக் கொடுத்தார். அடுத்ததை இவ்வளவு தாமதிக்காமல் செய்யும் எண்ணம் இருப்பதாகப் பேசியிருக்கிறாராம். காத்திருக்கலாமா? இப்போது அவருக்கு இசைத்தட்டுக் கம்பெனி நெருக்கடி இல்லை, பணத்துக்குப் பஞ்சமில்லை, முழுச் சுதந்திரம். அப்படியானால் பழைய பிங்க் ஃப்ளாய்டு தரத்தில் ஒன்று வர வேண்டும்தானே?”

காத்திருக்கலாம் தம்பி. ஆனால் முழுச் சுதந்திரம் உள்ளவர் என்று நீங்களே சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே பழையது மாதிரி வர வேண்டும் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும்.

இதை மேடையில் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். எண்பதுகளின் கடைசியில் காரைக்குடி செக்காலை ரோட்டில் கேசட் பதிவு செய்துகொடுக்கும் கடை வைத்திருந்தேன். பகலில் கடை, திருவிழாக் காலத்தில் ராத்திரி மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். சிகரெட் அட்டையின் உள்பக்கம், பஸ் டிக்கெட், சில சமயம் கல்யாணப் பத்திரிகையின் ஓரம். என்ன பாட்டு வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். 1982-இல் வந்த ‘இளைய நிலா’ எழுதாத ராத்திரியே கிடையாது. அதில் வரும் கிட்டார் பிட் ஒவ்வொன்றும் கேட்கிறவர்களுக்கு மனப்பாடம். நூறு தடவைக்கு மேல் அச்சுப் பிசகாமல் வாசித்தேன். ஒருநாள் குன்றக்குடிப் பக்கம் ஒரு கோயில் மேடையில் அலுத்துப்போய், நடுவில் வரும் இசையில் என் மனதுக்குத் தோன்றியதை வாசித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, சத்தியமாக. பாட்டு முடிந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அடுத்த சீட்டு வந்தது: “இளைய நிலா. இந்தத் தடவை ஒழுங்காக.”

கில்மோருக்கு அந்தச் சீட்டு உலகம் முழுவதிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது, ஐம்பது வருடமாக. 2024-இல் ரோமில் சர்க்கஸ் மாக்சிமஸ் மைதானத்தில் புது ஆல்பத்துக்காகக் கச்சேரிகள் நடத்தினார். எழுபதுகளின் பாட்டுகளைத் திரும்பத் தொடுவதில் தயக்கம் இருப்பதாக அதற்கு முன்பு வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஆனாலும் கச்சேரியின் முடிவில் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ வாசிக்காமல் அவரால் மேடையை விட்டு இறங்க முடியவில்லை. 1979-இல் பிங்க் ஃப்ளாய்டு பதிவு செய்த பாட்டு, அதன் கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) உலகப் பிரசித்தம். யார் கட்டாயப்படுத்தியது? கம்பெனி இல்லை.

கம்பெனி நெருக்கடி என்பது கதை என்று சொல்ல வரவில்லை. நீல் யங் என்ற கிட்டார்காரர் எண்பதுகளின் தொடக்கத்தில் கெஃபன் கம்பெனியில் சேர்ந்தார். ‘டிரான்ஸ்’ என்ற ஆல்பத்தில் தன் குரலை இயந்திரக் குரலாக மாற்றிப் பாடினார். அடுத்து 1983-இல் ஐம்பதுகளின் பாணியில் அரை மணி நேரம்கூட ஓடாத ஒரு ஆல்பம். இவை நீல் யங் பாட்டு மாதிரியே இல்லை என்று 33 லட்சம் டாலர் கேட்டுக் கம்பெனி அவர் மேல் வழக்குப் போட்டது. பிற்பாடு சமாதானமாகி, கம்பெனி அதிபர் மன்னிப்புக் கேட்டார். ஒருவர் தன்னைப் போலவே இல்லை என்று அவர் மேலேயே வழக்கு! குன்றக்குடிச் சீட்டு எவ்வளவோ தேவலாம்.

கில்மோரின் கதை வேறு. நம் பக்கத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பிங்க் ஃப்ளாய்டு ஒரு பங்காளி வீடு. கானாடுகாத்தானில் பார்த்திருப்பீர்கள், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், உள்ளே வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை. வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். தரையில் ஓர் ஆத்தங்குடிக் கல் பெயர்ந்தாலும் ஒருவர் மட்டும் முடிவு செய்து மாற்ற முடியாது. சென்னையில் இருப்பவர், சிங்கப்பூரில் இருப்பவர், முகம் கொடுத்துப் பேசாத சித்தப்பா என்று எல்லாப் புள்ளியும் சரி சொல்ல வேண்டும். குழுவின் பெரும்பாலான வரிகளை எழுதிய பேஸ் கிட்டார்காரர் ரோஜர் வாட்டர்ஸ் 1985-இல் குழுவை விட்டு வெளியேறிய பிறகு அந்த வீட்டில் நடந்ததும் இதுதான். ‘அனிமல்ஸ்’ என்ற பழைய ஆல்பத்தைப் புதிதாக ஒலிக்கலவை செய்து 2018-இலேயே முடித்துவிட்டார்கள். கூட வரவேண்டிய குறிப்புரை பற்றித் தகராறு. நான்கு வருடம் கிடப்பில் கிடந்து, 2022-இல் குறிப்புரை இல்லாமலே வெளிவந்தது.

2024 அக்டோபரில் குழுவின் ஒலிப்பதிவுகளையும் பெயரையும் சோனி நிறுவனத்துக்கு விற்றார்கள். சுமார் 40 கோடி டாலர் என்று செய்தி. பணத்தைவிட அந்த ஓயாத வாக்குவாதத்திலிருந்து விடுபடுவதுதான் தனக்கு முக்கியம் என்று கில்மோர் சொன்னார். பங்காளி வழக்கில் தன் பங்கைக் கழித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன். அதனால் அவர் சொன்னதை நம்புகிறேன்.

அதற்கு ஐந்து வருடம் முன்பே, 2019 ஜூனில், தன் கிட்டார்களையும் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பம் முதல் ‘தி வால்’ ஆல்பம் வரை கையில் இருந்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் மட்டும் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. மொத்தம் வந்த சுமார் 2 கோடியே 15 லட்சம் டாலரையும் பருவநிலைக்காக வழக்காடும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அங்கே பீங்கான் ஜாடியும் எனாமல் தூக்கும் விற்கிறவர்களில் பலருக்கு வேறு வழி இருந்திருக்காது. இவர் வழி இருந்தும் விற்றார். அந்தக் கிட்டாரைக் கையில் எடுத்தாலே விரல் பழைய இடத்துக்குத்தான் போகும் என்பது கிட்டார் வாசிக்கிற எவருக்கும் தெரியும். அவர் அதை யோசித்துத்தான் விற்றாரா என்பது வேறு விஷயம். விளைவு அதுதான்.

சரி, பங்காளி இல்லை, பழைய கிட்டார் இல்லை, கம்பெனி கெடுபிடி இல்லை. இதோடு சுதந்திரம் வந்துவிடுமா? வராது. கில்மோரின் தனி ஆல்பங்களின் வருடங்களைப் பாருங்கள்: 1978, 1984, 2006, 2015, 2024. நாற்பத்தாறு வருடத்தில் ஐந்து. நடுவில் பிங்க் ஃப்ளாய்டு வேலை இருந்தது, வாஸ்தவம். ஆனால் 1986-இலிருந்து தேம்ஸ் நதியில் மிதக்கும் படகு வீட்டில் சொந்த ஸ்டுடியோ வைத்திருப்பவர் அவர். மணிக்கணக்கில் வாடகை ஏறாது, நேரமாகிவிட்டது என்று விளக்கை அணைக்க ஆள் கிடையாது. எந்நேரமும் எதையும் திருத்தலாம் என்றால் எதுவும் முடிவதில்லை. 2006-இன் ‘ஆன் ஆன் ஐலண்ட்’ எனக்கு உயிர். ஆனால் 2015-இன் ‘ராட்டில் தட் லாக்’ ஆல்பத்தில், “இது போதும், இங்கே நிறுத்துங்கள்” என்று சொல்ல யாரும் இல்லாத குறை சில இடங்களில் கேட்கும்.

இதற்கு நேர் எதிர் உலகம் ஒன்று இருந்தது. ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியில் கொட்டகை போட்டுப் படம் எடுத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கெல்லாம் முன்பே அதன் நிறுவனர் மெய்யப்பச் செட்டியார் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி இசைத்தட்டு வெளியிட்டவர். அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். ஒரு மணி நேரம் ராகம் பாடுகிறவர் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அதுவும் கொடுமைதான். ஆனால் அந்தத் தட்டுகளில் வெட்டிப் பேச்சே இருக்காது.

‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம், எழுபத்தெட்டு வயதில் கில்மோர் தனக்கு ஒரு தடையைத் தானே தேடிக்கொண்டார். சார்லி ஆண்ட்ரூ என்ற இளைய தயாரிப்பாளரைக் கூட்டி வந்தார். ஆல்ட்-ஜே குழுவின் ஆல்பங்களைச் செய்தவர். அவருக்கு பிங்க் ஃப்ளாய்டு பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது, பயபக்தியும் கிடையாது. பாட்டுகளைக் கேட்டுவிட்டு, இந்த இடத்தில் கிட்டார் சோலோ எதற்கு என்று கேட்டாராம். எல்லாப் பாட்டும் ஏன் தேய்ந்து தேய்ந்து முடிகிறது, சிலதாவது பட்டென்று நிற்கக் கூடாதா என்றும் கேட்டாராம். கில்மோரே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். உலகமே யாருடைய சோலோவுக்குக் காத்திருக்கிறதோ, அவரிடம் போய் சோலோ எதற்கு என்று கேட்க ஓர் ஆள்! அவரை உள்ளே விட்டதுதான் இந்த ஆல்பத்தின் பெரிய முடிவு என்பேன்.

அந்த முடிவின் பலனைக் காதால் கேட்கலாம். ‘பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்’ என்ற பாட்டை அவர் மகள் ரோமனி பாடுகிறார், கூடவே ஹார்ப்பும் வாசிக்கிறார். பாட்டும் கில்மோர் எழுதியதல்ல. 1999-இல் ‘மாண்ட்கோல்ஃபியர் பிரதர்ஸ்’ என்ற அதிகம் பேர் அறியாத குழு செய்தது. அப்பா பின்னால் உட்கார்ந்து, கடைசியில் மட்டும் கிட்டாரோடு எழுந்து வருகிறார். தலைப்புப் பாட்டு வேறு வகை. 2007-இல் அவர் வீட்டுக் களஞ்சியக் கொட்டகையில் நண்பர்கள் சும்மா வாசித்துப் பதிவு செய்தது அதன் அடித்தளம். அதில் கீபோர்டு வாசித்த பிங்க் ஃப்ளாய்டுத் தோழர் ரிச்சர்ட் ரைட் அடுத்த வருடமே இறந்துபோனார். பதினேழு வருடம் பெட்டியில் இருந்ததை எடுத்து, அதன் மேல் புதுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஆக, பழையதைத் தொடவே கூடாது என்ற வீம்பும் அவரிடம் இல்லை. எதைத் தொடுவது என்பதை அவர் தீர்மானிக்கிறார்.

கில்மோரை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு மூத்த உதாரணம் ஜான் மக்லாஃப்லின் என்ற இங்கிலாந்துக் கிட்டார்காரர்தான். அவர் கதையில் நம் ஊர்ச் சரக்கும் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழுவோடு காது கிழிகிற சத்தத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்து உச்சத்தில் இருந்தார். அதே வேகத்தில் பத்து வருடம் ஓட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு அகூஸ்டிக் கிட்டாரோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். அதுதான் ‘சக்தி’ குழு. 1975-இல் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவே முதல் ஆல்பம்.

அவர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். கற்ற பிறகு ஒரு சிக்கல் வந்தது. வீணையில் மெழுகின் மேல் பதித்த 24 மெட்டுகள், அதாவது சுர இடங்களைக் காட்டும் உலோகக் கட்டைகள், உயரமாக நிற்கும். விரல் மரத்தைத் தொடாது, தந்தியை இழுத்து இழுத்துக் கமகம் கொண்டுவரலாம். கிட்டாரின் மெட்டுகளான ஃப்ரெட்டுகள் தாழ்ந்தவை; விரல் உடனே மரத்தில் முட்டிக்கொள்ளும். ஆகவே கிப்சன் கம்பெனிக்காக ஆபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்குத் தனியாக ஒரு கிட்டார் செய்தார். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, ஒலித்துளையின் மேல் குறுக்காக ஏழு சுருதித் தந்திகள் கட்டினார். நம் வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளத் தந்தி இருக்கிறதல்லவா, அது மாதிரி ஒரு யோசனை. நான் ஒருமுறை பழைய கிட்டார் ஒன்றில் அரமும் உப்புத்தாளும் வைத்து இதைச் செய்துபார்த்தேன். இழுவை அருமையாக வந்தது. ஆனால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும், ரிதம் வாசிக்கவே முடியாது. குழு முதலாளி திட்டினார். மக்லாஃப்லின் எதை விலையாகக் கொடுத்து எதை வாங்கினார் என்பது அன்றுதான் புரிந்தது.

‘சக்தி’ மூன்று ஆல்பத்தோடு 1977-இல் நின்றுபோனது. தொண்ணூறுகளில் மாண்டலின் ஸ்ரீனிவாஸோடு வேறு உருவில் மேடைக்கு வந்தது. 2023-இல், 46 வருடம் கழித்து, ‘திஸ் மொமண்ட்’ என்ற ஸ்டுடியோ ஆல்பம். சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன், விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் ஆகியோர் உடன். அடுத்த வருடம் கிராமி வாங்கியது. அப்போது மக்லாஃப்லினுக்கு வயது 82. மூட்டுவாதத்தால் கை வலிக்கிறதென்று 2017-இல் அமெரிக்காவில் விடைபெறும் சுற்றுப்பயணம் வரைக்கும் போனவர் அவர். அந்த ஆல்பத்துக்குக் காத்திருந்தபோது நானும் உங்களைப் போலத்தான் 1976 மாதிரி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. குரல் முன்னால் நிற்கிறது, கிட்டார் பல இடங்களில் ஒதுங்கி வழிவிடுகிறது. முதல் வாரம் முகம் சுளித்தேன். இரண்டாவது மாதம் இதை மட்டும்தான் கேட்டேன். 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். இனி அது மாதிரி இன்னொன்று வராது.

ஜெஃப் பெக் என்ற இன்னொரு இங்கிலாந்துக் கிட்டார்காரரையும் சொல்லாமல் போனால் கடையில் என்னோடு உட்கார்ந்து கேட்டவர்கள் சண்டைக்கு வருவார்கள். 1975-இல் அவருடைய ‘ப்ளோ பை ப்ளோ’ ஆல்பம் அமோகமாக ஓடியது. அதே பாணியில் பேர் வாங்கிக்கொண்டே இருந்திருக்கலாம். எண்பதுகளில் தந்தியை மீட்டும் பிக் என்ற சிறு தகட்டைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரலால் வாசிக்கத் தொடங்கினார். நாற்பது வயதை ஒட்டி, பிழைப்புக்கான ஆயுதத்தையே தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து கற்கிறார் மனிதர்! 1999-இல், ஐம்பத்துநான்கு வயதில், டெக்னோ தாளத்தின் மேல் வாசித்த ஆல்பம் கொடுத்தார். 2023 ஜனவரியில் இறக்கும்போது வயது 78.

இத்தனையும் சொன்னதால், மாற்றிக்கொண்டே இருப்பதுதான் சுதந்திரம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊர்க்காரன் அப்படிச் சொல்ல முடியாது. காரைக்குடி வீணைச் சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார். இளையவர் சாம்பசிவ ஐயர் எல்லோரையும் போலக் கிடத்தி வாசிப்பார். ஒரே மேடை, ஒரே கிருதி, ஆளுக்கொரு பிடி. சாம்பசிவ ஐயர் தன் பாணியைக் கடைசிவரை நெகிழவிடாதவர். சங்கீத நாடக அகாடமி விருது 1952-இல் அவருக்குக் கிடைத்தபோது, அதே வருடம் வாய்ப்பாட்டுக்கு அதைப் பெற்றவர் நான்கு எட்டில் இருக்கும் அரியக்குடியின் ராமானுஜ ஐயங்கார். அவரோ, வர்ணத்தில் தொடங்கி, கிருதிகளை அடுக்கி, துக்கடாவில் முடியும் இன்றைய கச்சேரி முறையையே வகுத்தவர். ஒருவர் மாறவில்லை, ஒருவர் கச்சேரியையே மாற்றினார். இருவரில் யாருக்குச் சுதந்திரம் குறைவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இருவரும் சீட்டுப் பார்த்து வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கில்மோரிடம் எதை எதிர்பார்க்கலாம்? ஆறு நிமிட சோலோவை எண்ணி உட்கார வேண்டாம். குரல் இன்னும் கொஞ்சம் கரகரக்கும். அவர் அதை மறைக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வரிகள் பெரும்பாலும் மனைவி பாலி சாம்சன் எழுதியதாக இருக்கும். முதுமையும் சாவும் பேசப்படும். போன ஆல்பமே அதுதான். ஒரே ஃப்ரெட்டில் நின்றுகொண்டு தந்தியை இழுத்தே அடுத்தடுத்த சுரங்களைத் தொடுகிற அந்த இழுவை மட்டும் எங்கேயும் போகாது, அது கை. இதில் எனக்குக் கவலை ஒன்றுதான்: மறுபடியும் படகு வீட்டில் தனியாக உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருந்துவிடக் கூடாது. சார்லி ஆண்ட்ரூவோ அவரைப் போல வாய்த்துடுக்கான வேறொருவரோ பக்கத்தில் இருக்கிறார் என்று செய்தி வந்தால், கண்ணை மூடிக்கொண்டு காசைக் கட்டுங்கள்.

அதுவரை ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ ஆல்பத்தையே இன்னொரு தடவை கேளுங்கள், போனில் அல்ல, ஒழுங்கான ஸ்பீக்கரில். முதலில் மகள் பாடியது. அப்புறம் தலைப்புப் பாட்டு. கூடுதலாகச் சேர்த்திருக்கும் பதினான்கு நிமிட மூலக் கொட்டகைப் பதிவையும் விடாமல் கேளுங்கள், ரைட்டின் கை தெரியும். கடைசியாக ‘ஸ்கேட்டர்ட்’. அதில் அகூஸ்டிக்கில் தொடங்கி எலெக்ட்ரிக்குக்குத் தாவுகிற நீளமான சோலோ ஒன்று இருக்கிறது. சோலோ எதற்கு என்று கேட்ட அந்த ஆள் இதை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்.